செய்தியை யார் நிறுத்துவது?

2023 மார்ச் 2 அன்று பிகார் முதல்வர் நிதீஷ் குமார் ட்விட்டரில் ஒரு பதிவு போட்டார். தமிழகத்தில் வேலை செய்யும் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதைப் பத்திரிகைகள் வாயிலாக அறிந்ததாகவும், தமிழக அதிகாரிகளோடு பேசி அவர்களுடைய பாதுகாப்பை உறுதிசெய்யும்படி தலைமைச் செயலாளருக்கும் காவல் துறைத் தலைவருக்கும் உத்தரவிட்டிருப்பதாகவும் அதில் சொல்லியிருந்தார். கைப்பேசியில் சுற்றிய காணொலிகளைக் கண்டு ஒரு முதல்வர் பதறியிருந்தால் அது வேறு கதை. அவர் பதறியது பத்திரிகையைப் பார்த்து. பத்திரிகையோ கைப்பேசியில் சுற்றியதைப் பார்த்து எழுதியிருந்தது.

அந்தக் காணொலிகளின் யோக்கியதை சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. ஒன்று, பிகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த கைகலப்பு. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது என்று அன்றைய தமிழக டி.ஜி.பி. சைலேந்திர பாபு காணொலி வெளியிட்டு விளக்கினார். ராஜஸ்தானின் ஜோத்பூரில் வழக்கறிஞர் ஒருவர் கொலையுண்ட காட்சியும் ‘தமிழ்நாட்டில் நடந்தது’ என்று உலவியதைத் தகவல் சரிபார்ப்புத் தளமான ஆல்ட் நியூஸ் கண்டுபிடித்துச் சொன்னது. காயத்துக்குக் கட்டுப்போட்ட இருவர் அழுது பேசும் ஒரு காணொலி, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் வைத்து எடுக்கப்பட்டது என்று பிகார் காவல் துறையே அறிவித்தது. ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பி ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு நின்றவர்கள், ‘உயிர் தப்பி ஓடும் கூட்டம்’ ஆனார்கள். பிகார் சட்டப்பேரவையில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று புறப்பட்டுவந்து, தொழிலாளர்களை நேரில் பார்த்து விசாரித்துவிட்டுப் போனது.

இத்தனையையும் தடுக்க, வடமாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் திருப்பூருக்கு ஒரு போன் போதும். அந்த ஊரில் பெரிய பத்திரிகைகளுக்கெல்லாம் நிருபர்கள் இருக்கிறார்கள். ஹிந்தி பேசும் லேபர் கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனி, எந்தத் தெரு, அடிபட்டவரை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தால் செய்தி அங்கேயே செத்திருக்கும். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. கேட்பதற்கென்று பத்திரிகை அலுவலகங்களில் முன்பு இருந்த நேரமும் ஆளும் எங்கே போயின?

டிஜிட்டல் தொழில்நுட்பம் இதழியலை என்ன செய்தது என்று கேட்டால், பெரும்பாலோர் வேகத்தைச் சொல்வார்கள். ‘இப்போ எல்லாருமே நிருபர்தானே சார்’ என்பார்கள். இரண்டும் சரி. ஆனால், தொழிலின் உள்ளே இருந்து பார்ப்பவருக்குத் தெரிகிற மாற்றம் இன்னொன்று. செய்தி கையில் கிடைப்பதற்கும் அது வாசகருக்குப் போவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அது போய்விட்டது. பத்திரிகையாளரின் தொழில் தேர்ச்சியில் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்தான் குடியிருந்தது.

அச்சுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தாலுகா நிருபர் செய்தியை எழுதிக் கவரில் போட்டு, பிலிம் ரோலையும் சேர்த்து, மாவட்டத் தலைநகருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். அவசரம் என்றால் டிரங்க் கால், பிற்பாடு ஃபேக்ஸ். கவர் அலுவலகத்துக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். டெஸ்க்கில் உதவி ஆசிரியர் அதைப் பிரித்துப் படித்து, ‘செத்தது நாலு பேரா, அஞ்சு பேரா? ஸ்டேஷன்ல கேட்டாரா?’ என்று நிருபரைத் திரும்பவும் தேடிப் பிடிப்பார். அது அச்சுக்கோக்கப் போய் மெய்ப்பாகத் திரும்பும். மெய்ப்புத் திருத்துபவர் தாளோடு எழுந்து வந்து, ‘முதல் பத்தியில மேலூர்னு இருக்கு, மூணாவதுல மேலப்பாளையம்னு இருக்கு. எது சார் சரி?’ என்று நிற்பார். ஒன்று மதுரைப் பக்கம், மற்றது நெல்லை. பக்கம் கட்டும் நேரத்தில் செய்தி ஆசிரியர் தலைப்பைப் பார்த்து முகம் சுளிப்பார். சந்தேகம் தீராத செய்தி அன்றைய எடிஷனுக்குப் போகாது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆணியில் குத்தி வைக்கப்படும்.

இந்த இடைவெளியைச் சரிபார்ப்பதற்கென்று யாரும் திட்டமிட்டு ஏற்படுத்தவில்லை. இயந்திரம் மெதுவாக ஓடியதால் தானாகக் கிடைத்தது. கிடைத்த நேரத்தில் நாலு பேர் கண் செய்தியின் மேல் பட்டது. வாசகருக்கு அது தெரியாது. நிர்வாகமும் அதை ஒரு தனி வேலையாகக் கணக்கில் வைத்ததில்லை. அதனால்தான், கணினி வந்து காத்திருப்பு ஒழிந்தபோது, கூடவே எது ஒழிந்தது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. முதலில் போனவர் மெய்ப்புத் திருத்துபவர். அவரை எழுத்துப் பிழை பார்க்கும் ஆள் என்று நினைத்ததால் வந்த வினை. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், ஆசிரியர், நிருபர், கார்ட்டூனிஸ்ட் ஆகியோரை வைத்த அதே பட்டியலில் மெய்ப்புத் திருத்துபவரையும் பத்திரிகையாளர் என்றே வைத்திருந்தது. சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்திருந்த ஒன்று, பின்னால் வந்த மேலாளர்களுக்குப் புரியவில்லை.

உடனே, அந்தக் காலம் பொற்காலம் என்று கிளம்பிவிட வேண்டாம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததை அப்படியே அச்சிட்ட காலம் அது. என்கவுன்ட்டர் என்றால் போலீஸ் சொல்வதே செய்தி. சேரியில் நடந்தது டெஸ்க் வரை வராது. வந்தாலும் உள்பக்கத்தில் இரண்டு அங்குலம். முதலாளிக்கு வேண்டியவர் சம்பந்தப்பட்டது என்றால், நான் மேலே புகழ்ந்த அதே ஆணியில் அது நிரந்தரமாகத் தொங்கும். நிறுத்தத் தெரிந்தவர்கள் நல்லதையும் நிறுத்தினார்கள்.

கைப்பேசியும் கேமராவும் அந்த நிலைமையை உடைத்தன. 2020 ஜூன் சாத்தான்குளம் நிகழ்வு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊரடங்கு நேரம் கடந்தும் கடை திறந்திருந்ததாகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இருந்தபடியே இறந்துபோனார்கள். போலீஸாருடன் தகராறு செய்து, தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. பக்கத்துக் கடையின் கண்காணிப்பு கேமரா பதிவில் அப்படி உருளல் புரளல் எதுவும் இல்லை. முப்பது வருடங்களுக்கு முன்பு என்றால் அந்த முதல் தகவல் அறிக்கைதான் மறுநாள் செய்தியாகியிருக்கும். உள்ளூர் நிருபர் நம்பாவிட்டாலும் எதிர்த்து வைக்க அவரிடம் எதுவும் இருந்திருக்காது.

அதே நிகழ்வைப் பற்றி ஒரு பாடகி ஆங்கிலத்தில் பேசி வெளியிட்ட காணொலி நாடு முழுவதும் பரவியது. தமிழ்நாட்டுக்கு வெளியே பலருக்கு விஷயம் தெரிந்ததே அதன் வழியாகத்தான். அதில் மிகைப்படுத்தல் இருக்கிறது, நம்ப வேண்டாம் என்று சி.பி.சி.ஐ.டி. சொன்னது, காணொலி நீக்கப்பட்டது. ஒரே கொடுமை, இரண்டு காணொலிகள். ஒன்று வழக்கைத் தாங்கி நிற்கும் சாட்சியம்; மற்றது கோபத்தைக் கிளப்பிவிட்டு, பிறகு குற்றம்சாட்டப்பட்ட தரப்பு ‘பார்த்தீர்களா, எல்லாம் கட்டுக்கதை’ என்று சொல்ல இடம் கொடுத்தது. இரண்டையும் பிரித்தறிய, முதல் தகவல் அறிக்கையையும் கேமரா பதிவின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிற ஓர் ஆள் வேண்டும். தொழில்நுட்பம் அந்த ஆளின் கையைப் பலப்படுத்தியது. அந்த ஆளுக்கு மாற்றாகவில்லை.

கொரோனா காலத்திலும் இதைப் பார்த்தோம். சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கை, மாநில அரசு தினமும் அறிவித்த எண்ணிக்கையோடு பொருந்தவில்லை. பத்திரிகையாளர்களும் சமூக அமைப்புகளும் அதைத் தொடர்ந்து கேட்டார்கள். குழு போட்டு ஆராய்ந்த பிறகு, 2020 ஜூலை 22 அன்று விடுபட்டிருந்த 444 மரணங்களை அரசு கணக்கில் சேர்த்தது. இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் வேலைதான். ஆனால், இப்படி இரண்டு பட்டியல்கள் உண்டு என்பதும், ஒன்று சுகாதாரத் துறையிடம், மற்றது மாநகராட்சியிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாநகராட்சி அலுவலகத்துக்கு அலைந்து பழகிய நிருபருக்கு அது தெரியும்.

புதிய தேர்ச்சி எப்படி இருக்கும் என்று காட்ட நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கேமரூன். 2018 ஜூலையில் ஒரு காணொலி வெளியானது. சீருடை அணிந்தவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் ஒரு மண் பாதையில் நடத்திச் செல்கிறார்கள். ஒரு குழந்தை தாயின் முதுகில் கட்டப்பட்டிருக்கிறது. போகோ ஹராம் ஆட்கள் என்று திட்டியபடியே கண்ணைக் கட்டிச் சுட்டுக் கொல்கிறார்கள். எங்கே, எப்போது, யார் என்று எதுவும் தெரியாது. இது பொய்ச் செய்தி, எங்கள் ராணுவம் இல்லை என்றார் கேமரூன் தகவல் துறை அமைச்சர்.

பி.பி.சி.யின் ‘ஆப்பிரிக்கா ஐ’ குழு காணொலியின் ஆரம்ப விநாடிகளில் பின்னணியில் தெரிந்த மலைத்தொடரின் விளிம்பை எடுத்துக்கொண்டது. அந்த மேடு பள்ளத்தைக் கூகுள் எர்த்தில் தேடி, கேமரூனின் வடகோடியில் ஸெலெவெட் என்ற ஊருக்கருகே பொருத்திப் பார்த்தது. பிறகு மரங்கள், வீடுகள், ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் செயற்கைக்கோள் படத்தோடு பொருந்தின. அடுத்தது காலம். காணொலியில் தெரியும் ஒரு கட்டிடம் 2014 நவம்பருக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தில் இல்லை. இன்னொன்று 2016 பிப்ரவரிக்குள் இடிக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் நடுவில் நடந்தது. அந்த மண் பாதை வறண்ட மாதங்களில்தான் படத்தில் தெரிகிறது. கடைசியாக, நடந்து போகும் சிப்பாய்களின் நிழல். நிழலின் நீளத்தையும் திசையையும் வைத்துச் சூரியனின் கோணத்தைக் கணக்கிட்டு, 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையில் நடந்தது என்று முடிவுக்கு வந்தார்கள். துப்பாக்கியின் ரகமும் சீருடையும் படைப் பிரிவை அடையாளம் காட்டின. 2020இல் சிப்பாய்கள் நான்கு பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இதில் பயன்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை இலவசம். நம் ஊரில் எந்தப் பத்திரிகை அலுவலகத்துக் கணினியிலும் கூகுள் எர்த் திறக்கும். அவர்களிடம் இருந்த ஆடம்பரம் வேறு: ஜூலையில் வந்த காணொலிக்குச் செப்டம்பர் இறுதி வரை நேரம். அந்த நாட்களில் அது உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ‘நாம்தான் முதலில்’ என்ற போட்டியெல்லாம் முடிந்துபோயிருந்தது. முந்துவதை விட்டவர்களால் மட்டுமே அந்த வேலையைச் செய்ய முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. மலை விளிம்பைப் பார்த்து ஊரைச் சொல்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பின்னணியில் தெரிவது சிறுமலையா, கரந்தமலையா என்று திண்டுக்கல் நிருபர் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். இரண்டு விநாடி தெரியும் பஸ் எந்தப் பணிமனையைச் சேர்ந்தது, பேசுபவரின் தமிழ் எந்தப் பக்கத்தது, கொடிக்கம்பத்தில் இருப்பது எந்த அமைப்பின் கொடி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காணொலிச் சரிபார்ப்பு என்று இன்று பயிற்சிப் பட்டறை நடத்திச் சொல்லித் தருவதில் பாதி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவருடைய நிலைமையோ, பல இடங்களில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன், கழுத்தில் ஓர் அடையாள அட்டை. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரை 2011இல் அரசாணையாகி, 2014இல் உச்ச நீதிமன்றமும் சரி என்று சொன்ன பிறகும், அதை அமல்படுத்தக் கேட்டு ஊழியர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. நிரந்தர ஊழியர்களுக்கே இந்தக் கதி என்றால் தாலுகா நிருபரைக் கேட்பானேன்?

மறுபக்கம் ஆன்லைன் டெஸ்க்கைப் பாருங்கள். இதழியல் படித்துவிட்டு வந்த இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகள். ஒரு ஷிப்ட்டுக்கு இத்தனை செய்தி என்று கணக்கு. எதிரே ஒரு திரையில், எந்தச் செய்தியை இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு ஜன்னலில் போட்டித் தளங்கள். அவர்கள் போட்டுவிட்டார்கள், நாம் இன்னும் போடவில்லை என்றால் வாட்ஸ்அப் குழுவில் மேலிடத்திலிருந்து ஒரு கேள்விக்குறி வந்து விழும். அந்தக் கேள்விக்குறிக்கு ‘இன்னும் உறுதிப்படுத்தவில்லை’ என்று பதில் போடுகிற தைரியம் பயிற்சி உதவி ஆசிரியருக்கு எங்கிருந்து வரும்? தலைப்பில் ‘அதிர்ச்சி’, ‘நடந்தது என்ன?’ என்று போடுவது அவர்களுடைய ரசனைக் குறைவால் வருவதில்லை. திரையில் ஓடும் எண் அதைத்தான் கேட்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலர், நேரம் கொடுத்தால், என் தலைமுறையைவிட நன்றாகவே சரிபார்ப்பார்கள். படத்தைப் பின்னோக்கித் தேடி மூலத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம்தான் ஷிப்ட்டில் இல்லை.

இப்போது செய்தியை எழுதுவதற்கே இயந்திரம் வந்துவிட்டது. இதில் எல்லாமே பதற வேண்டியவை இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகை நிலநடுக்கச் செய்தி எழுத ஒரு நிரல் வைத்திருந்தது. 2014 மார்ச்சில் ஒரு நிலநடுக்கத்தை மூன்று நிமிடத்தில் செய்தியாக்கி அது பெயர் வாங்கியது. மேட்டூர் அணையின் நீர்மட்டம், தங்கம் விலை, ரயில் ரத்து போன்றவற்றை எழுத ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால், அதே நிரல் 2017 ஜூனில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே 6.8 அளவில் நிலநடுக்கம் என்று ஒரு செய்தி வெளியிட்டது. அது 1925இல் நடந்தது. பழைய பதிவின் மையப்புள்ளியை விஞ்ஞானிகள் திருத்தியபோது, ஆண்டு தவறுதலாக 2025 என்று பதிவாகி ஓர் எச்சரிக்கை வெளியேறியது. வந்ததை வாங்கி நிரல் அப்படியே எழுதிவிட்டது. எட்டு வருடம் கழித்து வரப்போகும் தேதியை எந்த உதவி ஆசிரியரும் விட்டிருக்க மாட்டார். மேட்டூரின் முழு உயரம் 120 அடி என்று தெரிந்தவர் கண்ணில் ‘நீர்மட்டம் 1,200 அடி’ பட்டால் கை தானாக நிற்கும். இயந்திரத்துக்கு அந்த உறுத்தல் கிடையாது.

2023இல் அமெரிக்காவின் சிநெட் தளம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதவைத்த 77 கட்டுரைகளில் 41க்குத் திருத்தம் போட வேண்டியதாயிற்று. ஒரு கட்டுரை, 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஓராண்டில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்றது. முதலும் வட்டியும் வேறு வேறு என்பது நம் ஊர் வட்டிக்கடையில் கணக்கு எழுதும் பையனுக்குத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரைகளை மனித ஆசிரியர்கள் பார்த்த பிறகே வெளியிட்டதாக நிறுவனம் சொன்னது. நன்றாக எழுதப்பட்டது போலத் தோன்றும் ஒன்றைச் சந்தேகிப்பது, மோசமாக எழுதப்பட்டதைச் சந்தேகிப்பதைவிடக் கடினம். தாலுகா நிருபரின் கோணல்மாணலான வாக்கியம் டெஸ்க்கில் இருப்பவரை விழிப்பாக வைத்திருந்தது. இயந்திரத்தின் வழுவழுப்பான வாக்கியம் தூங்கவைக்கிறது. 2025இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பி.பி.சி.யும் 14 மொழிகளில் செய்த ஆய்வில், செய்தி குறித்த கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவு தந்த பதில்களில் 45 சதவீதத்தில் ஏதாவது ஒரு பெரிய கோளாறு இருந்தது.

தமிழில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. ஆங்கிலத்தில் வரும் ஏஜென்சிச் செய்தியை இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கும் பழக்கம் பரவிவருகிறது. ஆங்கில எழுத்தில் வளவனூருக்கும் வலவனூருக்கும் வித்தியாசம் இல்லை. விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவர் டெஸ்க்கில் இருந்தால் சரியாகும். இல்லாவிட்டால் இல்லாத ஓர் ஊர் செய்தியில் முளைத்துவிடும். ஊர்ப் பெயரையே தப்பாகப் போடும் பத்திரிகை, அந்த ஊரில் நடந்த கொலையைச் சரியாகச் சொல்லியிருக்கும் என்று அந்த ஊர்க்காரர் எப்படி நம்புவார்?

யூடியூபைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரிகையிலிருந்து விலகி, மைக்கும் கேமராவுமாகத் தனியே கிளம்பியவர்களில் நான் மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய பத்திரிகைகள் பல காலம் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தவர்களின் குரல் இன்று அங்கேதான் கேட்கிறது. ஆனால், எழுதுபவர், எடிட் செய்பவர், வெளியிடுபவர், வருமானம் பார்ப்பவர் எல்லாம் ஒருவரே என்றால், ‘இது வேண்டாம்’ என்று சொல்ல எதிரே ஆள் கிடையாது. 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி அருகே ஒரு மாணவியின் மரணத்தை ஒட்டிப் பள்ளியும் பேருந்துகளும் எரிக்கப்பட்டதற்கு முந்தைய நாட்களில், சேனல்களும் வாட்ஸ்அப் குழுக்களும் ஆளுக்கொரு பிரேதப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தன.

டெஸ்க் நிறுத்தாவிட்டால் செய்தியை யாருமே நிறுத்த மாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. வேறு ஆட்கள் வருவார்கள். தகவல் தொழில்நுட்ப விதிகளை 2023இல் திருத்தி, தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று தானே முத்திரை குத்தும் பிரிவை அமைக்க மத்திய அரசு முயன்றது. 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. அதே 2023இல் தமிழக அரசும் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியது. அதில் வேலை செய்தவர்களின் திறமையைக் குறை சொல்லவில்லை. ஆனால், அரசைச் சரிபார்க்க வேண்டிய வேலையை அரசிடமே கொடுக்க முடியாது. அது மத்தியில் இருந்தாலும் மாநிலத்தில் இருந்தாலும் ஒன்றுதான்.

டிஜிட்டல் காலத்தில் நிறுத்துவது எவ்வளவு சுலபம் என்பதற்கு விகடன் சாட்சி. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனைச் சிறைக்கு அனுப்ப, சட்டப்பேரவை கூடி அவருக்குத் தண்டனை விதிக்க வேண்டியிருந்தது. ஊரே பார்த்தது, கொதித்தது. சில நாட்களில் விடுவித்தார்கள். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரம் விகடனின் இணைய இதழில் வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை முதல் வாசகர்களுக்கு விகடன் தளம் திறக்கவில்லை. ஒரு சித்திரத்துக்காக மொத்தத் தளமும் முடங்கியது. சித்திரத்தை எடுத்துவிடும் நிபந்தனையோடு தளத்தைத் திறக்கும்படி மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அச்சு இதழ் என்றால் கட்டுக் கட்டாகப் பறிமுதல் செய்ய லாரி வேண்டும். லாரி போவதை நாலு பேர் பார்ப்பார்கள்.

எனவே, வேலை திரும்பவும் பத்திரிகை அலுவலகத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். இயந்திரம் இலவசமாகக் கொடுத்த இடைவெளியை இனி சம்பளம் கொடுத்து உண்டாக்க வேண்டும். அது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. ஆன்லைன் டெஸ்க்கின் ஒவ்வொரு ஷிப்ட்டிலும், செய்தி எண்ணிக்கைக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர் வேண்டும். அவர் தாமதப்படுத்தலாம், தடுக்கலாம். அதற்காக அவரிடம் யாரும் விளக்கம் கேட்கக் கூடாது. மாவட்டத்திலிருந்து வரும் காணொலி, அந்தத் தாலுகா நிருபர் பார்க்காமல் வெளியாகக் கூடாது. பார்ப்பதற்கு அவருக்குப் பணம் தர வேண்டும். கல்லூரிகளில் வீடியோ எடிட்டிங்கும் தேடுபொறித் தலைப்பும் சொல்லித் தருகிறார்கள், நல்லது. குற்றப்பத்திரிகையை எப்படிப் படிப்பது, மானியக் கோரிக்கையில் எந்தப் பக்கத்தைத் திறப்பது, பத்திரப் பதிவில் வில்லங்கம் எப்படிப் பார்ப்பது என்பதற்கும் ஒரு பருவம் ஒதுக்கலாம்.

தவறு நடந்த பிறகு என்ன செய்வது என்பதும் தொழில் தேர்ச்சியில் சேர்த்திதான். ‘தி இந்து’ 2006இல் ரீடர்ஸ் எடிட்டர் என்று ஒருவரை அமர்த்தி, தினமும் தன் பிழைகளைத் தன் பக்கத்திலேயே அச்சிடத் தொடங்கியது. இணையத்தில் இன்று பெரும்பாலும் நடப்பது, பிழை என்று தெரிந்ததும் செய்தியைச் சத்தமில்லாமல் தூக்கிவிடுவது. அதன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்கில் சுற்றும். தேடி வருபவருக்குக் காலிப் பக்கம்தான் கிடைக்கும். அதே முகவரியில், அதே தலைப்பின் கீழே, என்ன தவறு, எப்போது திருத்தப்பட்டது என்று தேதியோடு இரண்டு வரி நிற்க வேண்டும். இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அடுத்த வார ஷிப்ட் அட்டவணை போடும்போதே, நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவரின் பெயரையும் சேர்த்துப் போடலாம்.